அளவு கேட்கக் கூடாத விரல்

என் மகளுக்கு நிச்சயதார்த்தம் என்று முடிவானதும் வீட்டில் எனக்கு ஒரே ஒரு பொறுப்புதான் தரப்பட்டது. மாப்பிள்ளைக்கு மோதிரம் வாங்குவது. மண்டபம், சமையல், பட்சணம், புடவை, வாத்தியார் எல்லாவற்றையும் என் மனைவியும் அவள் தம்பியும் பிரித்துக்கொண்டார்கள். மிச்சம் இருந்தது இது. கடைக்குப் போக வேண்டும், வாங்க வேண்டும், தொலைக்காமல் வீடு கொண்டுவந்து சேர்க்க வேண்டும். இதில் இவர் கெடுப்பதற்கு என்ன இருக்கிறது என்று அவர்கள் நினைத்திருப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

"அளவு என்ன?" என்று கேட்டேன்.

மனைவி கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு அவள் சொல்வதை நான் கேட்காமல் விடலாம். கீழே வைத்துவிட்டுச் சொல்வதைக் கேட்டாக வேண்டும்.

"அதை அவாகிட்ட கேக்கப்படாது."

"கேக்காம எப்படி வாங்கறது?"

"அது உங்க சாமர்த்தியம்."

கேட்கக் கூடாததற்குக் காரணம் இருந்தது. அவளுடைய பெரியப்பா தன் பெண்ணின் நிச்சயத்துக்கு முன்னால், பிள்ளை வீட்டாரிடம் வெள்ளந்தியாக மோதிர அளவு கேட்டாராம். பிள்ளையின் அத்தை ஒருத்தி, "அளந்துதான் போடுவாளோ? ஒரு சுத்து கூடிடுத்துன்னா தங்கம் வீணாயிடுமே, பாவம்" என்று சொன்னாளாம். அந்த அத்தை காலமாகி வெகுநாள் ஆகிறது. அவள் சொன்ன வார்த்தை மட்டும் இன்னும் நல்ல ஆரோக்கியத்துடன் இருக்கிறது. என் மனைவி குடும்பத்தில் யாருக்குக் கல்யாணம் என்றாலும் முதல் ஆளாக வந்து முன்வரிசையில் உட்கார்ந்துகொள்கிறது.

சரி, கேட்காமல் உத்தேசமாக வாங்கிவிடலாம் என்றால் அதற்கும் வழியில்லை. அந்த வழியை அடைத்தவன் நான். பெரியப்பாவுக்கு நேர்ந்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்த என் மாமனார், என் நிச்சயத்தின்போது அளவைப் பற்றி மூச்சு விடவில்லை. பெரிதாக இருந்தால் எப்படியாவது போட்டுக்கொள்ளலாம், சின்னதாக இருந்தால் ஒன்றும் செய்ய முடியாது என்று யோசித்து, கோயில் யானையின் பாகனுக்குப் பொருந்தக்கூடிய மோதிரம் ஒன்றை வாங்கி வந்துவிட்டார். நான் அன்று ஒல்லி. இப்போது சொன்னால் யாரும் நம்புவதில்லை. ஆல்பத்தைத் திறந்து காட்ட வேண்டியிருக்கிறது. சுண்டுவிரலாலும் நடுவிரலாலும் இரண்டு பக்கமும் நெருக்கி, மோதிரத்தை இடுக்கிப் பிடித்தபடியே மேடையில் சமாளித்தேன். பந்தியில் முடியவில்லை. எங்கள் வீடுகளில் திருக்கண்ணமுது என்று மரியாதையாகவும், அவசரத்துக்குப் பாயசம் என்றும் சொல்லப்படுகிற வஸ்துவை இலையிலிருந்து வழித்தெடுக்கும்போது மோதிரம் கழன்றுவிட்டது. கை கழுவும் இடத்தில்தான் விரல் காலியாக இருப்பது தெரிந்தது. அதற்குள் இலைகளை எடுத்துவிட்டார்கள்.

என் மாமனார் பட்டு வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மண்டபத்தின் கொல்லைப்புறத்தில் எச்சில் இலைக் குவியலைக் கிளறினார். அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த அவர் மகனும் கூடக் கிளறினான். மோதிரம் கிடைத்துவிட்டது. கிடைத்தபோது அதன்மேல் ஒரு முந்திரிப்பருப்பு, கல் பதித்த மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது என்று என் மச்சினன் எல்லா விசேஷங்களிலும் சொல்கிறான். ஒவ்வொரு தடவையும் முந்திரி கொஞ்சம் வளர்கிறது.

"எங்கப்பா கிளறினது போறும்" என்றாள் மனைவி. "என் பொண்ணு நிச்சயத்துல ஒருத்தரும் எச்சில் இலையைக் கிளறப்படாது. அளவும் கேக்கப்படாது. மோதிரம் அத்தனை பேர் முன்னாடி ஜம்னு உள்ளே போகணும், போன இடத்துல இருக்கணும். அவ்வளவுதான்."

கரண்டியை மறுபடி கையில் எடுத்துக்கொண்டாள். தீர்ப்பு முடிந்தது.

மகளும் மாப்பிள்ளையும் தினமும் போனில் மணிக்கணக்காகப் பேசுகிறார்களே, அதில் ஒரு நிமிடம் எனக்காக ஒதுக்கக் கூடாதா என்று மகளிடம் போனேன்.

"கேட்டாச்சுப்பா. மோதிரமே போட்டதில்லையாம். அளவு தெரியாதாம்."

"ஒரு நூலைச் சுத்தி அளந்து பார்க்கச் சொல்லேன்."

"அதையும் சொன்னேன். அளவு சொன்னா மோதிரம் கேட்ட மாதிரி ஆயிடுமாம். 'அப்பா ஒண்ணும் வேண்டாம்னு சொல்லியிருக்கா, நான் விரலை அளந்து அனுப்பினா நன்னா இருக்குமா'ங்கறார்."

அது உண்மை. சம்பந்தி அவர்கள் பெண் பார்க்க வந்த அன்றே கைகூப்பி, "எங்களுக்கு ஒரு அபேக்ஷையும் இல்லை" என்று சொல்லிவிட்டார். ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதியில் வீடு. சமஸ்கிருதம் கற்பித்து ஓய்வுபெற்றவர். எதுவும் வேண்டாம் என்று சொன்னவர், எதுவும் வேண்டாமலேயே இருந்துவிட வேண்டும் என்று உறுதியாக இருப்பவர். ஆனால் வெறும் விரலோடு மாப்பிள்ளையை மேடையிலிருந்து இறக்கினால் எங்கள் பக்கத்து மனிதர்கள் என்னை இறக்கிவிடுவார்கள். ஆக, அளவைக் கேட்டால் எங்களுக்கு அவமானம். சொன்னால் அவர்களுக்கு அவமானம். இரண்டு மரியாதைகளுக்கு நடுவே ஒரு விரல் அகப்பட்டுக்கொண்டிருந்தது.

நேராகக் கேட்கத்தானே கூடாது, சுற்றிவளைத்துக் கேட்கலாமே என்று ஒருநாள் சத்திரம் பஸ் நிலையத்தில் ஒன்றாம் நம்பர் பஸ் பிடித்து ஸ்ரீரங்கம் போனேன். திருச்சியில் எங்கள் தில்லை நகரிலிருந்து காவிரியைத் தாண்டிப் போவதற்குள் பேச வேண்டியதை மனத்துக்குள் பலமுறை ஒத்திகை பார்த்துவிட்டேன். சம்பந்தி வாசலிலேயே எதிர்கொண்டார்.

"எழுந்தருளணும், எழுந்தருளணும். இந்த வெயில்ல தேவரீருக்கு எவ்வளவு சிரமம்!"

காபி வந்தது. நான் மெதுவாக ஆரம்பித்தேன். "இப்பல்லாம் பிள்ளைகளுக்கு நகையே பிடிக்கறதில்லை. கனமா போட்டா உறுத்தறதுங்கறா. தளர்வா போட்டா விழுந்துடறது. எது சரின்னு..."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். "தேவரீர் திருவுள்ளம்" என்றார்.

"இல்லை, சில பேருக்குக் கணு பெரிசா இருக்கும்..."

"எல்லாம் தேவரீர் திருவுள்ளம் ஸ்வாமி. அடியேன் சொல்ல ஒண்ணுமே இல்லை."

திருவுள்ளம் என்பது எவ்வளவு பெரிய கதவு என்று அன்றுதான் கண்டேன். அதில் தட்டலாம், திறக்காது. நான் எழுந்தபோது அவர் மட்டும் எதையோ நினைத்துக்கொண்டவர் போல, "குழந்தைக்கு வீணை அப்பியாசம் உண்டோ?" என்று கேட்டார்.

"இல்லையே. ஏன்?"

"ஒண்ணுமில்லை. விரலெல்லாம் ரொம்ப சன்னமோன்னு ஒரு எண்ணம்."

"எல்லாம் அவ அம்மா மாதிரி" என்று பெருமையாகச் சொன்னேன். அவர் முகம் ஏன் வாடியது என்று எனக்கு விளங்கவில்லை. பெண் பார்க்க வந்த அன்றும் அவர் மனைவி என் மகளின் கையைப் பிடித்தவர் வெகுநேரம் விடவே இல்லை. விரல்களை ஒவ்வொன்றாக நீவிக்கொண்டே இருந்தார். எவ்வளவு பிரியம் என்று நாங்கள் நெகிழ்ந்துபோயிருந்தோம்.

அடுத்த வாரக் கடைசியில் மாப்பிள்ளை பெங்களூரிலிருந்து வந்தார். பெருமாளைச் சேவிக்கப் போகலாமா என்று அழைத்தேன். வருங்கால மாமனார் கோயிலுக்குக் கூப்பிட்டால் எந்தப் பையனும் மறுக்க முடியாது. வந்தார். கும்பல் இருந்தது. சன்னதியில் தீர்த்தத்துக்காக இருவரும் பக்கத்தில் பக்கத்தில் வலக்கையைக் குவித்து நீட்டினோம். அர்ச்சகர் வருவதற்குள் அந்தக் கையை நன்றாகப் பார்த்தேன். என் கைக்கும் அதற்கும் வித்தியாசமே தெரியவில்லை. அதே அகலம், அதே மோதிர விரல். அவ்வளவு கூட்டத்தைக் கடந்து உள்ளே போனவன், பெருமாளைச் சேவிக்காமல் மாப்பிள்ளையின் விரலைச் சேவித்துவிட்டு வெளியே வந்தேன். பெருமாள் தவறாக எடுத்துக்கொண்டிருக்க மாட்டார். அவரும் ஒருகாலத்தில் ஒருவருக்கு மாப்பிள்ளையானவர்தானே.

கண்ணால் பார்த்தது போதாது, நிரூபணம் வேண்டும் என்று தோன்றியது. வெளியே கடைவீதியில் ஒருவர் குழல் அப்பளம் விற்றுக்கொண்டிருந்தார். மஞ்சளாக, இரு பக்கமும் திறந்த சின்னக் குழாய் மாதிரி பொரித்து, பாக்கெட்டில் தொங்கவிட்டிருப்பார்களே, பிள்ளைகள் பத்து விரலிலும் மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகக் கடித்துத் தின்பார்களே, அதுதான். ஒரு பாக்கெட் வாங்கினேன்.

"மாமா, வெளில வாங்கித் தின்னா அப்பா கோச்சுப்பா" என்று மாப்பிள்ளை இரண்டு பக்கமும் பார்த்தார்.

"நான் இருக்கேன். சின்ன வயசுல விரல்ல மாட்டிண்டு சாப்பிடுவோமே, ஞாபகம் இருக்கா?"

அவருக்கு நல்ல சுபாவம். வருங்கால மாமனாருக்கு என்ன ஆயிற்று என்று ஒரு கணம்தான் பார்த்தார். பிறகு ஐந்து விரலிலும் மாட்டிக்கொண்டார். மோதிர விரலில் போனது கணுவைத் தாண்டி அடிவரை இறங்கி, அளவெடுத்த மாதிரி நின்றது. அதை எப்படித் திரும்ப வாங்குவது என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே கடித்துவிட்டார். பாக்கெட்டிலிருந்து அதே மாதிரி இன்னொன்றை எடுத்து என் மோதிர விரலில் மாட்டினேன். அதேபோல் இறங்கி, அதேபோல் நின்றது. இதைவிட என்ன ஆதாரம் வேண்டும்? அந்த அப்பளத்தைத் தின்னாமல், பத்திரமாகச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். தெருவில் நின்று மஞ்சள் விரல்களோடு நாங்கள் சிரித்துக்கொண்டிருந்ததைத் தெரிந்தவர் யாரோ பார்த்திருக்கிறார். அன்று சாயங்காலமே வீட்டுக்குச் செய்தி வந்துவிட்டது. மாமனாரும் மாப்பிள்ளையும் இப்போதே எவ்வளவு ஒட்டுதல் என்று.

மறுநாள் பெரிய கடை வீதியில் ஒரு நகைக்கடைக்குப் போனேன். குளிர்சாதனத்தில் அந்தக் கடை மார்கழி மாதம்போல் இருந்தது. விற்பனையாளர் உட்காரச் சொல்லி, மோர் கொடுத்துவிட்டு, "யாருக்கு சார்?" என்றார்.

"மாப்பிள்ளைக்கு."

"அளவு?"

"கேக்க முடியாது."

அவர் சிறிதும் ஆச்சரியப்படவில்லை. "புரியுது சார். போன மாசம் ஒருத்தர் மாப்பிள்ளையோட செருப்பு நம்பரைக் கேட்டுக்கிட்டு வந்தாரு. அதை வச்சுப் பாத்துக்கோங்கன்னாரு. நீங்க என்ன கொண்டாந்திருக்கீங்க?"

நான் சட்டைப் பைக்குள் கைவிட்டேன். பஸ்ஸில் யாரோ இடித்திருக்க வேண்டும். மேஜைமேல் விரித்திருந்த நீல வெல்வெட் துணியில் மஞ்சள் துண்டுகளைக் கொட்டினேன். அவர் அவற்றைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஒரு துண்டை எடுத்து விளக்கின் கீழ் பிடித்தார். தொழில் மரியாதை என்பது அதுதான்.

"இது அளவா சார்?"

"அளவா இருந்தது."

"சரிங்க" என்று துணியை ஓரமாக உதறிவிட்டு வந்து உட்கார்ந்தார். மாப்பிள்ளையின் விரலை நான் விவரித்துப் பார்த்தேன். ஒன்றும் தேறவில்லை. கடைசியில், மாப்பிள்ளையின் விரலும் என் விரலும் ஒன்றுதான் என்றேன்.

"ஒண்ணுன்னா?"

"கிட்டத்தட்ட."

"மோதிரத்துல கிட்டத்தட்டங்கறது கஷ்டம் சார்" என்றார். ஆனாலும் சாவிக்கொத்து மாதிரி, பெரிய வளையத்தில் கோத்த அளவு மோதிரங்களை எடுத்து என் விரலில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். ஒன்று உள்ளே போகவில்லை. ஒன்று கேட்காமலே வெளியே வந்தது. நடுவில் இருந்த ஒன்று கணுவில் லேசாகத் தடுத்து, தாண்டியதும் சுகமாக உட்கார்ந்தது. கையை உதறச் சொன்னார். உதறினேன். விழவில்லை.

"இது சரிங்க. ஆனா ஏசியில விரல் சுருங்கும் சார். வெளிய போய் வெயில்ல ஒரு சுத்து சுத்திட்டு வந்து திரும்பப் போட்டுப் பாத்துடுங்களேன்."

வைகாசி மாதத்துத் திருச்சி வெயிலில், வேலை மெனக்கெட்டு என் விரலைக் காயவைத்துக்கொண்டு வரவேண்டுமாம். சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

நிச்சயதார்த்தம் ஸ்ரீரங்கத்திலேயே ஒரு மண்டபத்தில். காலையில் எல்லோரும் ஓடிக்கொண்டிருந்தார்கள். மனைவி மோதிரப் பெட்டியை என் கையில் திணித்து, "இதை மட்டும் பார்த்துக்கோங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் ஒரு அறையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் மணப்பாறையிலிருந்து மச்சினன் கொண்டுவந்திருந்த முறுக்கு டின். மணப்பாறை முறுக்கில் உப்பும் காரமும் தூக்கலாக இருக்கும் என்பதால், ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எழுதித் தரும் டாக்டர் என்னிடம் அதன் பேரைச் சொல்லியே தடை விதித்திருக்கிறார். ஆனால் பயத்தில் கை தானாகப் போகிறது. முறுக்கைத் தின்னத் தின்னச் சந்தேகம் வளர்ந்தது. ஒருவேளை அளவு சரியில்லையென்றால்? கடைசியாக ஒரே ஒருமுறை போட்டுப் பார்த்துவிடலாமே.

போட்டேன். கணுவில் நன்றாகவே தடுத்தது. ஒரு அழுத்து அழுத்தினேன், போய்விட்டது. ஜம்மென்று இருந்தது. திருப்தியாகக் கழற்றப் பார்த்தேன்.

கழலவில்லை.

இழுத்தேன், திருகினேன், எச்சில் பண்ணினேன். ஒவ்வொரு முயற்சிக்கும் விரல் கொஞ்சம் சிவந்து, கொஞ்சம் பருத்தது. குளியலறையில் சோப்பு போட்டேன். சோப்பில் வழுக்கிக் கையைச் சுவரில் இடித்துக்கொண்டேன். அதில் இன்னும் கொஞ்சம் பருத்தது. மச்சினன் எதற்கோ உள்ளே வந்தவன் என் கையைப் பார்த்துவிட்டான்.

"அத்திம்பேர், நிச்சயம் மாப்பிள்ளைக்கா, உங்களுக்கா?"

"சத்தம் போடாதேடா. கழட்ட வரலை."

"அன்னிக்குக் கழண்டுடுத்துன்னு இன்னிக்கு இறுக்கமாப் போட்டுண்டுட்டேளா?" என்று கட்டிலில் உட்கார்ந்து சிரித்தான். சிரித்து முடித்த பிறகு, "தீயணைப்புக்காரா வந்தா ஒரு நிமிஷத்துல வெட்டிடுவா. கூப்பிடட்டுமா? மணி அடிச்சுண்டு வருவா, மங்களகரமா இருக்கும்" என்றான்.

"உங்க அக்காகிட்ட சொன்னே, தெரியும்."

"நான் சொல்ல மாட்டேன். எச்சில் இலை கிளறினதையே நான் எவ்வளவு அடக்கமாச் சொல்றேன்!"

வெளியே நாதஸ்வரம் ஆரம்பித்துவிட்டது. அங்கவஸ்திரத்தின் நுனிக்குள் வலக்கையை மறைத்துக்கொண்டு மேடைக்குப் போனேன். வழியில் மனைவி மடக்கினாள்.

"மோதிரம் எங்கே?"

"பத்திரமா இருக்கு."

"எங்கே?"

"என்கிட்டதான். கழண்டு விழ வழியே இல்லை."

வாத்தியார் சங்கல்பத்துக்கு உட்கார்த்தினார். தர்ப்பைப் புல்லை முறுக்கி, முடிச்சிட்டு, ஒரு பவித்திரம் நீட்டினார். பவித்திரத்தை வலக்கை மோதிர விரலில்தான் போட்டுக்கொள்ள வேண்டும். எந்த விரலுக்கும் எந்த அளவும் கேட்காமல் பொருந்தும் ஒரே மோதிரம் உலகத்தில் அதுதான். கையை வெளியே எடுத்தேன். ஏற்கெனவே குடியிருப்பவரைப் பார்த்து வாத்தியார், "புதுசா? ஜோரா இருக்கே" என்றார். பவித்திரம் அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது.

எதிரே சம்பந்தி. எல்லோருக்கும் கைகூப்பும் மனிதர், அன்று இடக்கையை மட்டும் நெஞ்சருகே உயர்த்தி ஆசி கூறுவது போல் வரவேற்றுக்கொண்டிருந்தார். அவர் வலக்கையும் அங்கவஸ்திரத்துக்குள் இருந்தது. கோபமாக இருக்கிறாரோ? தெருவில் குழல் அப்பளம் தின்றது அவர் காதுக்குப் போயிருக்குமோ?

லக்னப் பத்திரிகை எழுத வாத்தியார்கள் உட்கார்ந்தார்கள். அடுத்து அதை வாசிப்பார்கள். அதற்கடுத்து மோதிரம். இந்த இடைவெளியில் நான் மெல்ல எழுந்து, பவித்திரத்தைக் கழற்றிவிட்டு, மேடைக்குப் பின்புறமாகச் சமையற்கட்டுக்கு ஓடினேன். அங்கே நெய் இருக்கும், ஐஸ் இருக்கும்.

அங்கே சம்பந்தியும் இருந்தார்.

தண்ணீர் டிரம்முக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியில், பட்டு வேஷ்டியும் பன்னிரண்டு திருமண்ணுமாக உட்கார்ந்திருந்தார். வலக்கைச் சுண்டுவிரல் ஒரு கிண்ணம் நெய்யில் முங்கியிருந்தது. என்னைப் பார்த்ததும் கையை மறைக்கப் பார்த்தார். நெய் சொட்டியது. அந்தச் சுண்டுவிரலில் சிவப்புக் கல் வைத்த, மெல்லிய, பெண்கள் போடுகிற ஒரு மோதிரம்.

என் மகளுக்காக அவர்கள் வாங்கிய மோதிரம். அளவு கேட்டால் எங்களுக்கு மனவருத்தம் வருமே என்று கேட்காமல் வாங்கிய மோதிரம். அவர் மனைவி என் மகளின் கையை நீவிப் பார்த்து வந்து, 'உங்க சுண்டுவிரல் தடிமன்தான்' என்று சொன்னதை நம்பி வாங்கியது. சரியாகத்தான் இருக்குமா என்று காலையில் ஒருமுறை போட்டுப் பார்த்தாராம்.

நான் என் கையை நீட்டிக் காட்டினேன்.

சம்பந்தி அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தேவரீரும் அடியேனும் எங்கே போனார்களோ தெரியவில்லை.

"கழல மாட்டேங்கறது ஓய்!" என்றார்.

"எனக்கும்தான்."

தலைமைச் சமையற்காரர் அடுப்படியிலிருந்து திரும்பிப் பார்த்தார். "இன்னொருத்தரா? அப்படி உக்காருங்க சாமி. நெய் அங்கயே இருக்கு. முந்திரி வறுக்கறதுக்கு மட்டும் கொஞ்சம் விட்டு வைங்க."

இன்னொரு முக்காலி வந்தது. பழரசம் கரைக்க வைத்திருந்த ஐஸ் கட்டிகளைப் பாத்திரத்தில் போட்டு, கையை முக்கினோம். கொஞ்ச நேரம் கழித்துக் கையை வெளியே எடுத்து, தலைக்குமேல் உயர்த்திப் பிடித்துக்கொண்டோம். ரத்தம் கீழே இறங்கினால் வீக்கம் வடியும் என்று எங்கேயோ படித்த ஞாபகம். மாப்பிள்ளையையும் பெண்ணையும் பெற்ற இருவர், குளிரில் பல் கிட்ட, சமையற்கட்டில் ஆளுக்கொரு கையைத் தூக்கியபடி உட்கார்ந்திருந்தோம். கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்த அம்மாள் ஏதோ வழிபாடு என்று நினைத்து எழுந்து நின்றுவிட்டார்.

"பிள்ளைக்கு அளவு என்னன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"கேட்டிருக்கலாமே ஓய். நீர் வந்து கணு, உறுத்தல்னு வைத்திய சாஸ்திரம் பேசினீர். வாதமோன்னு நினைச்சேன்."

"நீங்க வீணைன்னேளே!"

அவர் சிரித்தார். சிரித்த குலுக்கலில் சுண்டுவிரல் மோதிரம் வழுக்கி, ஐஸ் பாத்திரத்தில் விழுந்தது. இரண்டு பேரும் முழங்கைவரை விட்டுத் தேடி எடுத்தோம். என்னுடையது பிடிவாதம். அவர் தன் பூணூலைத் தொட்டு ஏதோ முணுமுணுத்துவிட்டு, நெய்யைத் தடவி, என் விரலைப் பிடித்துத் திருகித் திருகி இழுத்தார். கணுவில் உயிர் போனது. அந்த நேரம் பார்த்து மச்சினன் வந்தான்.

"மேடைல ரெண்டு ஆத்துக்காராளும் ரெண்டு மோதிரத்தையும் தேடிண்டிருக்கா..." என்று ஆரம்பித்தவன், சம்பந்தி என் மோதிர விரலைப் பிடித்துக்கொண்டிருந்த கோலத்தைப் பார்த்து நின்றான். "ஓ, இங்கே மாத்திண்டாச்சா?"

அந்தக் கணம் மோதிரம் வந்துவிட்டது. தோலும் கொஞ்சம் வந்தது.

பத்திரிகை வாசித்து முடிப்பதற்குள் இரண்டு மோதிரங்களையும் கழுவித் துடைத்துப் பெட்டியில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தோம். எவ்வளவு கழுவியும் நெய் வாசனை போகவில்லை. மகள் மாப்பிள்ளையின் விரலைப் பிடித்தாள். போட்டோக்காரர் "மெதுவா, மெதுவா" என்றார். மெதுவாகப் போட அதில் என்ன இருந்தது? கிணற்றில் வாளி இறங்குவது போல மோதிரம் இறங்கிவிட்டது. குவித்த கையில் விரல் தடிமனாகத் தெரியும் என்பதும், குழல் அப்பளங்கள் ஒன்றுபோல் பொரிவதில்லை என்பதும் எனக்கு மேடையில் நிற்கும்போதுதான் உறைத்தது. மாப்பிள்ளை சட்டென்று இரண்டு பக்கத்து விரல்களையும் நெருக்கிக்கொண்டார். அடுத்து அவர் போட்ட சிவப்புக் கல் மோதிரம் என் மகளின் கணுவில் நின்றுவிட்டது. அவர் தள்ளினார். அவள் கண்ணில் நீர் வந்தது. ஆனந்தக் கண்ணீர் என்று போட்டோக்காரர் அதை விடாமல் எடுத்தார். எப்படியோ போய்ச் சேர்ந்தது.

"அளவு எப்படிம்மா?" என்றார் சம்பந்தி.

"கரெக்டா இருக்கு மாமா" என்றாள் மகள், கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு.

"மாப்பிள்ளைக்கு?" என்றாள் என் மனைவி.

"கச்சிதமா இருக்கு மாமி" என்றார் அவர். கையை அவர் கீழே இறக்கவே இல்லை.

மனைவி என்னைப் பார்த்துச் சிரித்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நான் ஒரு காரியத்தை ஒழுங்காகச் செய்துவிட்டேன் என்ற சிரிப்பு. அதை நான் கலைக்கவில்லை.

பந்தி. முதல் வரிசையில் மாப்பிள்ளை, பக்கத்தில் சம்பந்தி. பெண்ணைப் பெற்றவன் என்ற முறையில் நான் உபசரித்துக்கொண்டு நின்றேன். மாப்பிள்ளை சாப்பிடும் அழகை நான் ஒருவன்தான் கவனித்தேன். சுண்டுவிரலும் நடுவிரலும் மோதிர விரலை இரு பக்கமும் நெருக்கியிருந்தன. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும் சாதத்தைக் கிள்ளிக் கிள்ளி வாய்க்குக் கொண்டுபோயின. எனக்கு அந்த வித்தை தெரியும். சாம்பார் வரைக்கும் தாங்கும். ரசத்திலும் மானத்தோடு பிழைத்துவிடலாம்.

சம்பந்தி இலையிலிருந்து நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பந்தியில் நாலு பேர் முன்னால் உட்கார்ந்துவிட்டதால் பழைய தோரணை திரும்பியிருந்தது.

"விவாகத்துக்குக் குழந்தைக்கு ஒரு ஜோடி வளை பண்ணலாம்னு ஆத்துல அபிப்பிராயம்" என்றார். கொஞ்சம் தயங்கினார். "அளவு..."

அவர் கேட்டேவிட்டார். எவ்வளவு பெரிய மனது வேண்டும் அதற்கு! ஆனால் என் மனைவி இரண்டு அடி தள்ளி நின்றுகொண்டிருந்தாள். பெரியப்பா, அத்தை, எல்லோரும் என் கண்முன் வந்தார்கள். என் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"அளவெல்லாம் எதுக்கு ஸ்வாமி. எல்லாம் தேவரீர் திருவுள்ளம்."

அவர் ஒரு விநாடி என்னையே பார்த்துவிட்டு, அப்பளத்தை நொறுக்கினார்.

அப்போது வரிசையின் அந்தக் கோடியில் பாயச வாளி புறப்பட்டது. ஒவ்வொரு இலையிலும் ஒரு கரண்டி. மாப்பிள்ளை வாளியைப் பார்த்தார், இலையைப் பார்த்தார், தன் விரலைப் பார்த்தார். பின்னால் மச்சினன் யாரிடமோ, "அன்னிக்கு முந்திரி இவ்வளவு பெரிசு" என்று கையால் காட்டிக்கொண்டிருந்தான். நான் வேகமாகப் போய், பரிமாறுகிறவர் மாப்பிள்ளையின் இலைக்கு வருவதற்குள் அவரைப் பிடித்துக்கொண்டேன்.

"மாப்பிள்ளைக்கு இலையில வேண்டாம். டம்ளர்ல குடுங்க."

"எதுக்கு சார்? எல்லாருக்கும் இலையிலதானே..."

"அவருக்கு டம்ளர்லதான் பழக்கம்."

மாப்பிள்ளை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் எங்கோ பார்த்துக்கொண்டேன். டம்ளர் வந்தது. இடக்கையால் அதை எடுத்து, வலக்கையை முஷ்டியாக மூடி மடியில் வைத்துக்கொண்டு, ஒரே மூச்சில் குடித்தார். இடக்கையால் குடிக்கிறானே என்று சம்பந்தி முகம் சுளித்தார்.

"இன்னும் கொஞ்சம் போடச் சொல்லட்டுமா?" என்று மனைவி வாஞ்சையோடு கேட்டாள்.

"போறும் மாமி" என்றார் மாப்பிள்ளை அவசரமாக.

"போறும், போறும்" என்றேன் நானும்.